விழ மறுக்கும் தேங்காய்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சென்ற விடுமுறையின்போது ஒரு வேடிக்கை நடந்தது. தொலைக்காட்சியில் கார்ட்டூன் படம் ஓடிக்கொண்டிருந்தது. பருமனான ஓர் ஆள் பூனையைத் துரத்திக்கொண்டே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஓடுகிறான். காலடியில் ஒன்றும் இல்லை. ஆயினும் நாலடி தூரம் வெறும் காற்றிலேயே ஓடி, நின்று, கீழே பார்க்கிறான். அதன் பிறகே 'தொப்'பென்று விழுகிறான். அவன் விழுந்ததும் ஆறு வயதான என் அக்காள் மகள் கைகொட்டிச் சிரித்தாள். எழுபதைக் கடந்த என் தந்தையாரோ அவன் கீழே பார்த்தபோதே சிரித்துவிட்டார். இரு சிரிப்புகளுக்கும் இடையே ஒரு வினாடி இருந்திருக்கும்.

படம் முடிந்ததும் தந்தையார் கேட்டார்: "ஏண்டா, நம்ம மாடவீதியில நடக்கற மாதிரி இப்படி ஒண்ணு எடுக்கப்படாதோ?"

எடுக்கலாம். ஆனால் அதில் உள்ள தொல்லை, அந்த ஒரு வினாடியில்தான் இருக்கிறது.

முதலில் மெய்யான வீழ்ச்சியைப் பார்ப்போம். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்பதை அறிவீர்கள். பதினொரு மீட்டர் உயரத் தென்னையிலிருந்து தேங்காய் தரையைத் தொட ஏறத்தாழ ஒன்றரை வினாடி, அதாவது 36 படங்கள் ஆகும். முதல் படத்துக்குள் தேங்காய் இறங்கும் தூரம் 0.85 செ.மீ. மட்டுமே. அடுத்த படத்துக்குள் அதைப்போல் மூன்று மடங்கு, அதற்கடுத்து ஐந்து மடங்கு, பிறகு ஏழு மடங்கு. கலிலியோ கண்ட ஒற்றைப்படை எண் விதி இதுவே. கடைசிப் படத்துக்குள் மட்டும் தேங்காய் 60 செ.மீ. இறங்கிவிடுகிறது.

கார்ட்டூன் உலகில் புவியீர்ப்பு தானாக வருவதில்லை. ஓவியர்தான் அதைப் போட வேண்டும். இடைவெளிகளை ஒரே அளவாக வரைந்துவிட்டால் தேங்காய் கயிற்றில் கட்டி இறக்கியதுபோல் இறங்கும். இயற்பியலே படிக்காத பாட்டியும் "இது என்ன, பலூனா?" என்று கேட்டுவிடுவார். ஏனெனில் இவ்விதி நம் கண்ணுக்கு மிக இளமையிலேயே பழகிவிடுகிறது. 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாலரை மாதக் குழந்தைகளுக்கு முன் ஒரு பெட்டியை மேடைமேல் வைத்துக் காட்டினர். பிறகு மேடையைத் தாண்டி வெற்றிடத்தில் விட்டும் அது விழாமல் நிற்பதுபோல் காட்டினர். குழந்தைகள் இரண்டாவதையே அதிக நேரம் உற்று நோக்கின. பேச்சு வருமுன்பே, 'இது விழ வேண்டுமே!' என்ற எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது.

சிறுமி சிரித்தது அந்த எதிர்பார்ப்பு நிறைவேறியபோது. பெரியவர் சிரித்தது அது ஒத்திப்போடப்பட்டபோது. கீழே பார்க்காதவரை விழமாட்டோம் என்ற நினைப்பில் அவரும் சில வருடங்களை ஓட்டியவர் அல்லவா! (வீட்டுக் கடன் வாங்கிய எனக்கும் அது தெரியும்.) எத்தனை படங்கள் அவனைக் காற்றில் நிறுத்துவது என்பதில்தான் கலை இருக்கிறது. 6 படங்கள் நிறுத்தினால் கவனிக்கவே மாட்டோம். 60 நிறுத்தினால் அலுத்துப்போகும்.

இனித் தந்தையாரின் கேள்விக்கு வருவோம். சென்னைக்கு இத்தொழில் புதிதன்று. 1989-இல் ஏவி.எம். எடுத்த 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்த் கார்ட்டூன் விலங்குகளுடன் ஆடிப்பாடினார். 2000-இல் வந்த 'சின்பாத்' படத்தைச் சென்னை நிறுவனமான பென்டாஃபோர் அமெரிக்கக் கலைஞர்களுடன் சேர்ந்து உருவாக்கியது. வெங்கி பாபு இயக்கி, இளையராஜா இசையமைத்த 'இனிமே நாங்கதான்' 2007-இல் வெளிவந்தது. அது கணிப்பொறியில் உருவான முழுநீளத் தமிழ்ப் படம். 2014-இல் 'கோச்சடையான்' வந்தது.

'சின்பாத்', 'கோச்சடையான்' இரண்டிலும் அசைவுகளை ஓவியர் கற்பனை செய்யவில்லை. நடிகரிடமிருந்து அளந்து எடுத்தார்கள். நடிகரின் மூட்டுகளில் சிறு குறிகளை ஒட்டி, சுற்றிலும் பல கேமராக்களை வைத்து, ஒவ்வொரு குறியும் எங்கே இருக்கிறது என்பதை முக்கோண அளவை முறையில் கணக்கிடுவார்கள். நில அளவைக்காரர் செய்வதும் இதுவே. அளவு சரியானதுதான். ஆனால் 'கோச்சடையா'னைப் பார்த்த பலருக்கும் முகங்களில் உயிர் குறைவாகத் தெரிந்தது. மூட்டு எங்கே இருந்தது என்பதைக் குறி சொல்லும். தொந்தி எத்தனை தாமதமாகக் குலுங்கியது, கன்னம் எப்படி அதிர்ந்தது என்பதைச் சொல்லாது. வீரக் கதைக்கு இது ஓரளவு போதும். நகைச்சுவைக்குப் போதாது என்பது என் கருத்து. எந்த நடிகரையும் காற்றில் நிறுத்தி அளக்க முடியாதே! அந்தப் பன்னிரண்டோ இருபதோ படங்களை ஒரு மனிதர் உட்கார்ந்து எண்ணித்தான் போட வேண்டும்.

அடுத்தது வேட்டி. சிரிக்காதீர்கள், மாடவீதிப் படத்துக்கு இதுவே பெரிய இயற்பியல் கணக்கு. கணிப்பொறிக்குத் துணி என்பது சிறு சிறு நிறைப் புள்ளிகளை வில்சுருள்களால் இணைத்த வலை. நீளவாட்டில் நூறு, அகலவாட்டில் நூறு என்று கொண்டாலும் பத்தாயிரம் புள்ளிகள். ஒவ்வொரு சுருளும் ஹூக் விதிப்படி இழுக்கும். துணி எளிதில் நீளாது. ஆகவே சுருள்கள் விறைப்பானவை. விறைப்பு கூடக்கூட நேரத்தை மேலும் நுணுக்கமாகக் கூறுபோட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு நிலைகுலைந்து வேட்டி நாலாபக்கமும் சிதறிவிடும். ஒரு படத்துக்கே இக்கணக்கைப் பத்து, இருபது தடவை போட நேரலாம். புடவைக் கொசுவம் இன்னும் மோசம். அதில் மடிப்பு மடிப்பின்மேல் உராய்கிறது. ஒன்றை ஒன்று ஊடுருவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறுக்கமான காற்சட்டை போட்ட பாத்திரத்துக்கு இந்தக் கவலை இல்லை. அதற்காகக் கபாலி கோயில் குளக்கரையில் எல்லாரையும் காற்சட்டையில் நடக்கவிட்டால் யார் சிரிப்பார்கள்?

இனிச் செலவு. ஒன்றரை மணி நேரப் படத்தில் 1,29,600 சட்டங்கள் உண்டு. ஒளி, நிழல், வேட்டி எல்லாம் சேர்த்து ஒரு சட்டத்தை முடிக்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒரே கணிப்பொறிக்கு 5,400 நாட்கள், ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆகும். நூறு கணிப்பொறிகள் இருந்தால் 54 நாட்களில் முடியும். அவற்றை வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். ஆனால் அவன் எத்தனை சட்டங்கள் காற்றில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லும் கண்ணை வாடகைக்கு எடுக்க முடியாது. எங்கள் தெருவில் யார் எப்படி நடப்பார், படியேறும்போது எந்தப் படியில் மூச்சு வாங்குவார் என்பதைப் பார்த்துப் பழகிய கண் அது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூன்று பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நோட்டில் பதினொரு பக்கங்களின் ஓரத்தில் தேங்காய் வரையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் 1, 3, 5 என்று 19 மில்லிமீட்டர் வரை இடைவெளி கூடட்டும். இரண்டாவதில் எல்லா இடைவெளியும் 10 மி.மீ. இரண்டிலும் மொத்த வீழ்ச்சி 10 செ.மீ.தான். மூன்றாவதில் முதல் எட்டுப் பக்கங்களுக்குத் தேங்காய் காம்பறுந்து அந்தரத்தில் நிற்கட்டும். பிறகு முதல் நோட்டைப்போல் விழட்டும். மூன்றையும் விரலால் படபடவெனப் புரட்டி, வீட்டில் ஒரு சிறுவருக்கும் ஒரு பெரியவருக்கும் காட்டுங்கள். யார் எந்தப் பக்கத்தில் சிரித்தார் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள்.