பயணத்தின் பொருள்கள் – 8: ஈரக்காற்றும் உருளும் பெட்டியும்

அடிக்கடி விமானம் ஏறுபவரின் பெட்டி எங்கே கெடுகிறது என்று கேட்டால், விமான நிலையத்துக் கன்வேயர் பெல்ட்டிலும் சுமை ஏற்றி இறக்கும் இடத்திலும்தான் என்று பெரும்பாலோர் சொல்வர். அது உண்மையே, ஆயினும் கடலோர நகரங்களில் வாழ்வோருக்கு அது முழு விடையாகாது, ஏனெனில் அங்கே பெட்டி எங்கும் போகாமல் வீட்டில் கிடக்கும் நாள்களிலும் அதன் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. அமெரிக்கரான பெர்னார்ட் சேடோ 1972இல் காப்புரிமை பெற்ற உருளும் பெட்டியையும், ராபர்ட் பிளாத் என்னும் விமானி 1987இல் உருவாக்கிய, நீள்கைப்பிடியுடன் நிமிர்ந்து உருளும் பெட்டியையும் முந்தைய பகுதியில் கண்ட வாசகர்களுக்கு, அந்தப் பெட்டிகளில் நம்பத்தக்கதை இனங்காண்பது எப்படி என்பதைத் திருவனந்தபுரத்து வலியசாலையை முன்னிறுத்தி இப்பகுதி விளக்குகிறது.

வலியசாலை, காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த தமிழ் அக்கிரகாரத் தெருக்களைக் கொண்ட பகுதி. சோழர் கல்வெட்டுகள் குறிப்பிடும் காந்தளூர்ச் சாலையை இவ்விடத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வாளர்கள் பலர். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சாலை பஜாரும், பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய கோட்டைப் பகுதியும் இதற்கு மிக அருகில் உள்ளன. மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1932இல் தொடங்கிய விமான நிலையம் கடற்கரையை ஒட்டி அமைந்திருக்கிறது. 1935இல் டாட்டாவின் அஞ்சல் விமானம் இந்நகரைப் பம்பாயுடன் இணைத்தது, 1991இல் அது பன்னாட்டு விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. வளைகுடா நாடுகளில் பணிபுரிவோரும், 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க்கின் நிறுவனங்களுக்காக வெளியூர் செல்வோரும், சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் முதியோரும் இந்நகரத்தின் வழக்கமான விமானப் பயணிகள்.

ஈரம் தின்னும் பாகங்கள்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெய்யும் இந்நகரில், காற்றின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதியில் மிகுந்தே இருக்கிறது. பயணப் பெட்டிகளில் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருள் பல இடங்களில் பயன்படுகிறது: சக்கரத்தின் மேல்வளையம், பையின் உட்புற நீர்காப்புப் பூச்சு, தோல் போலத் தோன்றும் கைப்பிடி உறை ஆகியன பெரும்பாலும் அதனால் ஆனவை. இதில் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்த பாலியூரித்தேனின் மூலக்கூறுப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள நீர் மெல்ல மெல்ல அறுக்கிறது. நீராற்பகுப்பு எனப்படும் இவ்வினையில் அமிலமும் உண்டாவதால், அவ்வமிலம் மேலும் பிணைப்புகளை அறுத்து, தொடங்கிய சிதைவைத் தானே விரைவுபடுத்திக்கொள்கிறது. அதனால்தான் ஓராண்டு மச்சில் ஏற்றிவைத்த பையைக் கீழே இறக்கித் திறக்கும்போது உட்புறப் பூச்சு பிசுபிசுப்பாக விரலில் ஒட்டுகிறது, புளித்த வாடை எழுகிறது, மடித்துவைத்த வெள்ளை வேட்டியின் மேல் செதில் செதிலாகக் கருந்தூள் உதிர்கிறது. சக்கரமும் அவ்வாறே, கண்ணுக்கு முழுதாகத் தெரிந்த வளையம், பெட்டியில் இருபது கிலோ ஏறிய பின் பத்தடி உருள்வதற்குள் துண்டு துண்டாகப் பெயர்ந்துவிடுகிறது.

பாலியீத்தர் வகைப் பாலியூரித்தேன் இச்சிதைவை மேலும் நன்கு தாங்கும். ஆனால் கடையில் விற்கும் பெட்டியின் சீட்டில் இவ்வேறுபாடு பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. ஆகவே வாங்குபவர் செய்யத்தக்கவை இரண்டு. உட்புறத்தில் பளபளப்பான பூச்சு உடைய பையைத் தவிர்த்து, பூச்சில்லாத பாலியெஸ்டர் துணியை உள்ளுறையாகக் கொண்டதைத் தேர்வது முதலாவது. சக்கரத்தைத் தனியே கழற்றி மாற்றும் அமைப்பு உள்ளதா என்று பார்ப்பது இரண்டாவது. வீட்டில் வைக்கும் முறையும் இதே அளவுக்கு முக்கியமானது: பெட்டியை ஞெகிழி உறையால் இறுகக் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே அடைபடும், பருத்தித் துணியால் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இட்டு, மழைக்காலத்தில் வெயில் கிடைக்கும் நாளில் திறந்து காற்றாட வைப்பதே நன்று.

ஓடும் துணியும்

கெட்டியான ஓடு உடைய பெட்டிகளில் இன்று மூன்று பொருள்கள் பெரிதும் வழக்கில் உள்ளன. ஏபிஎஸ் என்னும் வகை மலிவானது. விறைப்பாக இருந்தாலும் பலத்த அடியில் விரிசல் விடக்கூடியது. 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கிய பாலிகார்பனேட், அடி விழும்போது உள்வாங்கிப் பின் பழைய வடிவுக்குத் திரும்பும் தன்மையால் அதைவிட உறுதியானது. பாலிபுரோப்பிலீன் எடை குறைந்தது, வளைந்துகொடுப்பது. இவற்றைக் கடையிலேயே ஓரளவு சோதிக்கலாம்: மூடிய பெட்டியின் அகன்ற பக்கத்தின் நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால், நல்ல ஓடு குழிந்து உடனே மீளும். துணிப் பெட்டிகளுக்கு டெனியர் என்னும் அளவு சொல்லப்படுகிறது. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையுள்ளதோ அத்தனை டெனியர் என்பது அதன் பொருள். எண் கூடினால் நூல் தடிக்கும் என்பது சரியே. ஆனால் ஒரே டெனியரில் நைலான் துணி பாலியெஸ்டரைவிட உராய்வை அதிகம் தாங்கும் என்பதால், எண்ணோடு நூலின் வகையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூட்டுகளே ஆயுளை முடிவுசெய்யும்

பெட்டியின் ஓடு அல்லது துணி முதலில் போவது அரிது. சக்கரம், இழுகைப்பிடி, ஜிப் என்னும் மூன்று மூட்டுகளே பெரும்பாலும் முன்னதாகப் பழுதாகின்றன. நான்கு சக்கரப் பெட்டி எத்திசையிலும் எளிதாக உருளும். ஆனால் அதன் சக்கரங்கள் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், பெட்டி விழும்போது முதல் அடியை அவையே வாங்குகின்றன. இரண்டு சக்கரப் பெட்டியின் சக்கரங்கள் பாதி உள்ளடங்கி இருப்பதால் உடைவது குறைவு. அக்கிரகாரத் தெருவின் மேடுபள்ளத்திலும், மழைநீர் தேங்கிய ஓரங்களிலும், வாசற்படியிலும் இழுப்பதற்கு அதுவே ஏற்றது. சக்கரக் கூடு திருகாணியால் பூட்டப்பட்டதா, ரிவெட் அடிக்கப்பட்டதா என்பதை அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். திருகாணி இருந்தால் எந்தப் பழுதுபார்ப்பவரும் கழற்றலாம். ரிவெட் இருந்தால் துளைத்தெடுக்க வேண்டும். உள்ளுறையை ஜிப்பால் திறந்து கைப்பிடியின் குழாய்களை எட்ட முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. உறை ஒட்டப்பட்டிருந்தால், சிறு செலவில் முடிய வேண்டிய வேலைக்காகப் பெட்டியையே கிழிக்க நேரும்.

ஜிப்பில் பல் போவதைவிட, ஏறி இறங்கும் ரன்னர் தளர்வதே அதிகம். ரன்னர் பெரும்பாலும் துத்தநாகக் கலவையால் வார்க்கப்படுவதால், உப்புக் காற்றில் வெண்பூச்சு ஏறி இறுகுகிறது. அதை வலிந்து இழுக்கும்போது அதன் வாய் அகன்று, பின்னால் வரும் பற்களைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. மெழுகுவர்த்தியைப் பற்களின் மேல் தேய்த்துவைப்பதும், தளர்ந்த ரன்னரைக் காலத்தில் மாற்றுவதும் ஜிப் முழுவதையும் மாற்றும் செலவைத் தவிர்க்கும். பூட்டைப் பற்றியும் இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்: சுருள் ஜிப்பின் இரு வரிசைப் பற்களுக்கு இடையே பந்துமுனைப் பேனாவைக் குத்தினால் ஜிப் பிளந்துவிடும், பூட்டிய ரன்னர்களை முழு நீளத்துக்கும் ஒருமுறை ஓட்டினால் பிளந்த தடமும் தெரியாமல் மூடிக்கொள்ளும். எனவே விலையுயர்ந்த பூட்டு தரும் பாதுகாப்பு, அது பூட்டப்படும் ஜிப்பின் உறுதிக்கு மேல் போவதில்லை. ஜிப்பே இல்லாமல் சட்டமும் கொக்கியும் கொண்டு மூடும் பெட்டி இவ்வகையில் மேலானது, எடையில் மட்டும் கூடுதலானது. நகையும் பத்திரமும் மருந்தும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கத்தக்கவை அல்ல என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

எடைக் கணக்கு

உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோ வரம்பும், 55 × 35 × 25 சென்டிமீட்டர் அளவும் பரவலாக நடைமுறையில் உள்ளன. வெறும் பெட்டியே 3.2 கிலோ எடையிருந்தால், பயணிக்கு மிஞ்சுவது 3.8 கிலோ மட்டுமே. மடிக்கணினியும் அதன் சார்ஜரும் ஏறக்குறைய அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். ஆகவே கைப்பை வாங்கும்போது உறுதிக்கு முன்னால் வெறும் எடையைப் பார்க்க வேண்டும். சக்கரமும் கைப்பிடியும் சேர்ந்தே அளவு கணக்கிடப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இம்முறை மாறி, உறுதி முதலிடம் பெறும். கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் சிறிய எலெக்ட்ரானிக் தராசு ஒன்று, வளைகுடாவுக்குப் பலகாரமும் ஊறுகாயும் கட்டிச் செல்லும் குடும்பத்துக்குப் பெட்டி அளவுக்கே பயனுள்ள கருவி. எண்ணெய்க் குப்பி கொண்டுசெல்வோர் மற்றொன்றையும் அறிவது நன்று: பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருப்பதற்கு ஈடாகக் குறைவதால், பாதி நிரம்பிய குப்பியில் அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயை மூடிவழியே தள்ளும். பிதுக்கத்தக்க குப்பியில் காற்றை வெளியேற்றி இறுக மூடுவதே அதற்குத் தீர்வு.

மின்கலமும் தடங்காட்டியும்

கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் எக்காரணத்தாலும் சரக்கறைப் பெட்டியில் போகக் கூடாது. லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் பயணிகள் பகுதியில் பணியாளர்கள் அதைக் கண்டு கட்டுப்படுத்த முடியும், சரக்கறையில் முடியாது என்பதே இவ்விதியின் அடிப்படை. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் அனுமதி இல்லை. மில்லி ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 20,000 என்று அச்சிட்ட பவர் பேங்க் 74 வாட்-மணி. இவ்வெண் அழிந்துபோன கருவியைப் பாதுகாப்புச் சோதனையில் தடுக்கக்கூடும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று தீக்கிரையான பின், பல நாடுகள் இவ்விதிகளை இறுக்கின. மின்கலம் பொருத்திய ‘ஸ்மார்ட்’ பெட்டி வாங்குவோர், அம்மின்கலம் கையால் கழற்றத்தக்கதா என்று பார்க்க வேண்டும். 2018 முதல் விமான நிறுவனங்கள் அதை வலியுறுத்துகின்றன.

நாணய வடிவப் பேட்டரியில் இயங்கும் தடங்காட்டிகளில் லித்தியம் 0.3 கிராமுக்குக் குறைவாகவே இருப்பதால், அவற்றைச் சரக்கறைப் பெட்டிக்குள் இடலாம். திருவனந்தபுரத்துப் பயணிக்கு இது தனிப் பயனுடையது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ஓடுபாதையின் குறுக்கே செல்வதால், அவ்விரு நாள்களிலும் மாலையில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, பயண நேரங்கள் மாற்றியமைக்கப்படுகின்றன. இணைப்பு விமானத்துக்கான இடைவெளி சுருங்கும்போதே பெட்டி பின்தங்குகிறது. உலகளவில் தாமதமாகும் பெட்டிகளுக்கு விமானம் மாற்றும் கட்டமே முதன்மைக் காரணம். ஒருநாள் மாற்றுடையைக் கைப்பையில் வைப்பதும் பெட்டியில் தடங்காட்டி இடுவதும் அப்போது கைகொடுக்கும்.

உரிமையும் பழுதுபார்ப்பும்

பெட்டி சேதமடைந்தால் பன்னாட்டுப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியாவில் அது 2009இல் நடைமுறைக்கு வந்தது. சேதத்தைப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதத்தை 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். பொறுப்பின் உச்சவரம்பு 2024 டிசம்பர் இறுதி முதல் 1,519 எஸ்டிஆர். பன்னாட்டு நாணய நிதியம் பல நாணயங்களைச் சேர்த்து மதிப்பிடும் அலகே எஸ்டிஆர், இத்தொகை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். பெட்டியின் சொந்தக் குறைபாட்டால் நேர்ந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. ஈரத்தில் நைந்த சக்கரம் உடைந்தால் ஈடு கேட்பது கடினமாவது இதனால்தான். பயணத்துக்கு முன் பெட்டியின் ஆறு பக்கங்களையும் படமெடுத்து வைப்பதும், விமான நிலையத்தை விட்டு நீங்குமுன் புகார்ப் படிவம் நிரப்புவதும் முறையீட்டுக்கு வலுச் சேர்க்கும்.

பெட்டி வாங்கச் செல்பவர் உற்பத்தியாளரின் பெயரை மட்டும் பாராமல், சக்கரம் தனியே கிடைக்குமா, ரன்னர் வழக்கமான அளவா, உள்ளுறை திறக்குமா என்னும் மூன்றையும் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைக்கும் நடுத்தர விலைப் பெட்டி, அவ்விடை கிடைக்காத உயர்விலைப் பெட்டியைவிட இந்த ஈரமான கரையில் நெடுநாள் உழைக்கும். உத்தரவாதச் சீட்டு தொலைதூர நகரத்துச் சேவை மையத்தைக் காட்டக்கூடும். நடந்துபோகும் தொலைவில் ரன்னர் மாற்றித் தருபவர் இருப்பது, மறுவாரமே மீண்டும் விமானம் ஏற வேண்டியவருக்கு அதைவிடப் பெரிய உத்தரவாதம். அத்தகைய கைத்தொழிலாளர்களிடம் வேலை கொடுத்து அவர்களை நிலைக்கச் செய்வதும் நல்ல பயணப்பொருளைத் தேர்வதன் ஒரு பகுதியே.

(அடுத்த இதழில்: முதுகுப்பையும் முதுகெலும்பும்)