ஒரு இன்ச் ஜெர்சி துணிக்கு 22,000 ரூபாயா? இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



நம்ம சேனலுக்கு வந்த ஒரு மெயில் இது. "சார், அவிநாசி பக்கத்துல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில ஜூனியர் மெர்ச்சண்டைசரா இருக்கேன். பிடித்தம் போக கையில 26,000 வருது. இன்ஸ்டாகிராம்ல ஒருத்தர், ஒரு பெரிய ஃபுட்பால் பிளேயர் போட்ட ஜெர்சியோட துண்டு வச்ச கார்டு 22,000-க்குத் தர்றேங்கறார். ரெண்டு வருஷத்துல டபுள் ஆகுமாம். கிரெடிட் கார்டுல தேய்ச்சு 6 மாச இஎம்ஐயா மாத்திக்கலாமா?"

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. அந்தத் துணி நிஜமா அந்த வீரர் போட்டதுதானா? நிஜம்னாலும் அது முதலீடா? முதல் கேள்விக்குப் பதில் சொல்லாம ரெண்டாவதுக்குப் போக முடியாது.

முதல்ல, இது என்ன கார்டு?

ஸ்கூல்ல டபிள்யூடபிள்யூஇ டிரம்ப் கார்டு விளையாடியிருப்பீங்க. அதோட பணக்கார அண்ணன்தான் ஸ்போர்ட்ஸ் டிரேடிங் கார்டு. கார்டு நடுவுல ஒரு சின்ன ஜன்னல் மாதிரி வெட்டி, அதுக்குள்ள வீரர் போட்ட ஜெர்சியோட துண்டை வச்சுடுவாங்க. அமெரிக்காவுல 1990-களோட நடுவுல ஆரம்பிச்ச பழக்கம் இது. 1997-ல அப்பர் டெக் கம்பெனி பேஸ்பால் வீரர்கள் மூணு பேரோட ஜெர்சியை வெட்டிப் போட்டது பெரிய ஹிட். இன்னைக்கு ஃபுட்பால், பாஸ்கெட்பால்னு எல்லாத்துலயும் வந்தாச்சு. பாக்கெட் பிரிக்கிற வீடியோ பார்த்துப் பார்த்து நம்ம ஊர் பசங்களுக்கும் ஆசை வந்திருக்கு. அதுல தப்பில்லை.

ஒரு ஜெர்சியில எத்தனை துண்டு?

இந்தக் கணக்கை உலகத்துலயே நம்ம ஊர்க்காரங்க அளவுக்கு வேகமா யாரும் போட முடியாது. ஒரு பாலியஸ்டர் ஜெர்சி, 160 ஜிஎஸ்எம், பீஸ் எடை 200 கிராம்னு வைங்க. 200-ஐ 160-ஆல வகுத்தா 1.25 சதுர மீட்டர் துணி. ஒரு சதுர இன்ச்ங்கறது சுமார் 6.45 சதுர சென்டிமீட்டர். ஆக 1,900 துண்டுக்கு மேல வருது. தையல், கழுத்து ரிப், மடிப்பு எல்லாம் வேஸ்ட்ல போனாலும் 1,500 துண்டு தாராளமா தேறும்.

இப்ப விலையைப் போடுவோம்.

- 2023-ல அடிடாஸ் இந்திய அணி ஜெர்சியைக் கொண்டு வந்தப்போ, மேட்ச் ஜெர்சியோட கடை விலை 4,999 ரூபாய். 1,500 துண்டு போட்டா ஒரு துண்டு 3 ரூபாய் 33 காசு.
- 2024 ஆகஸ்ட்ல கே.எல். ராகுல், அதியா ஷெட்டி நடத்துன நற்பணி ஏலத்துல விராட் கோலியோட ஜெர்சி 40 லட்சத்துக்குப் போச்சு. அதை யாரும் வெட்டலை. ஒரு பேச்சுக்கு வெட்டினா, ஒரு துண்டு சுமார் 2,667 ரூபாய்.

ரெண்டும் துணிதான், ஜிஎஸ்எம்மும் ஏறக்குறைய ஒண்ணுதான். 3 ரூபாய்க்கும் 2,667 ரூபாய்க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் முழுக்க "யார் போட்டது" ங்கற ஒரே தகவலோட விலை. தகவல் பொய்யானா விலை திரும்ப 3 ரூபாய்தான். ஏமாத்தறவங்களுக்கு இவ்வளவு மார்ஜின் கிடைக்கிற சரக்கு வேற எதுலயும் இல்லீங்க.

இது வெறும் கற்பனைக் கணக்கும் இல்லை. 2003-ல டோன்ரஸ்ங்கற கார்டு கம்பெனி, பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத்தோட ஜெர்சி ஒண்ணை 2,64,210 டாலருக்கு ஏலத்துல எடுத்து, சுமார் 2,100 துண்டா வெட்டுச்சு. துண்டுக்கு அடக்கம் 126 டாலர். ஒரு சரித்திரப் பொருளை வெட்டிட்டாங்களேன்னு பெரிய சண்டையே நடந்தது.

துணி சாட்சி சொல்லுமா?

1986 உலகக் கோப்பை காலிறுதியில மரடோனா இங்கிலாந்துக்கு எதிரா ரெண்டு கோல் போட்டார். ஒண்ணு கையில பட்டுப் போன கோல், இன்னொண்ணு மைதானத்துல பாதி தூரம் ஓடிப் போட்ட கோல். அன்னைக்கு அர்ஜென்டினா போட்ட நீலச் சட்டை ஸ்பெஷலா நெய்தது கிடையாது. வெயிலுக்கு லேசான சட்டை வேணும்னு, மேட்ச்சுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி மெக்சிகோ சிட்டியில கடைச் சரக்கா வாங்கி, சின்னத்தையும் நம்பரையும் அவசர அவசரமா ஒட்டித் தைச்சாங்க.

2022 மே மாசம் அந்தச் சட்டை சோத்பீஸ் ஏலத்துல சுமார் 71 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. ஏலத்துக்கு முன்னாடி மரடோனாவோட மகள், "இது முதல் பாதியில போட்ட சட்டை, கோல் போட்ட சட்டை இல்லை"ன்னு சொன்னாங்க. எப்படித் தீர்த்தாங்க? சட்டையில இருந்த சின்னம், நம்பர், கோடு எல்லாத்தையும் மேட்ச் போட்டோவோட ஒப்பிட்டு, ரெண்டாம் பாதியில போட்டதுதான்னு உறுதி செஞ்சாங்க. இதுக்கு போட்டோ மேட்சிங்னு பேரு. அவசரத்துல கையால தைச்சதால ஒவ்வொரு சட்டையும் கொஞ்சம் கொஞ்சம் வேற மாதிரி இருந்தது. அதுவே சாட்சி ஆயிடுச்சு.

இப்ப யோசிங்க. அந்தச் சட்டையை ஒரு இன்ச் துண்டா வெட்டிட்டா? சின்னம் எங்க இருந்தது, நம்பர் எவ்வளவு கோணல்னு எதுவும் தெரியாது. ஒரு நீலத் துண்டு மட்டும் மிஞ்சும். அதாவது, ஜெர்சியை நிஜம்னு நிரூபிக்கிற ஆதாரத்தை முதல்ல வெட்டி எறிஞ்சுட்டுத்தான் இந்தக் கார்டையே தயார் பண்றாங்க. நம்ம கட்டிங் டேபிள்ல பிட்டுக்குப் பிட்டு நம்பர் ஸ்டிக்கர் ஏன் ஒட்டறோம்? வெட்டின பிறகு எந்த பிட் எந்த லாட்னு துணி தானா சொல்லாது. அதே கதைதான்.

துணி பொய்யைக் காட்டிக் கொடுக்கும். மெஷ் துணி இருக்க வேண்டிய சீசன்ல இன்டர்லாக் இருந்தா போலின்னு சொல்லிடலாம். ஆனா துணி சரியா இருக்கறதால மட்டும் அது வீரர் போட்டதுன்னு ஆகாது.

ஆர்கானிக் காட்டன் நமக்குச் சொல்லித் தந்த பாடம்

மெர்ச்சண்டைசிங்ல இருக்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஆர்கானிக் டி-ஷர்ட்டைத் தொட்டுப் பார்த்து ஆர்கானிக்னு சொல்ல முடியாது. ஜிஎம்ஓ டெஸ்ட் கூட "இது ஆர்கானிக் இல்லை"ன்னு பிடிக்கத்தான் உதவும். அதனாலதான் பஞ்சுல இருந்து பனியன் வரைக்கும் கைமாறுற ஒவ்வொரு இடத்துலயும் டிசி கேட்கறோம், அதாவது டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட்.

2020 அக்டோபர்ல காட்ஸ் அமைப்பு என்ன கண்டுபிடிச்சது? இந்தியாவுல சுமார் 20,000 டன் பஞ்சுக்குப் போலி சர்டிபிகேட். அந்தப் போலி டிசியில கியூஆர் கோடும் இருந்தது. ஸ்கேன் பண்ணினா, அரசு இணையதளம் மாதிரியே செஞ்ச ஒரு போலித் தளத்துக்குப் போச்சு. 11 கம்பெனிகளுக்குத் தடை போட்டாங்க.

கார்டுக்கும் இதேதான். நீங்க வாங்கறது துணியை இல்லை, அதுக்குப் பின்னாடி இருக்கிற காகிதச் சங்கிலியை. ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் போச்சு.

கார்டைத் திருப்பிப் படிங்க

பின்பக்கம் பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். மொத்த விலையும் அந்த வரியிலதான் இருக்கு. மூணு வகை:

1. ஆட்டத்துல போட்டது. மைதானத்துல நிஜ மேட்ச்ல போட்ட ஜெர்சி. சிலதுல எந்த மேட்ச்னே இருக்கும். இதுதான் மதிப்பு அதிகம்.
2. வீரர் போட்டது. இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. மேட்ச்ல இல்லை, போட்டோ ஷூட்ல போட்டாலும் இந்த வகைதான். அமெரிக்க ஃபுட்பால்ல புது வீரர்களை வருஷா வருஷம் ஒரு நிகழ்ச்சிக்குக் கூட்டிட்டு வந்து, ஜெர்சிகளை மாத்தி மாத்திப் போட வச்சு, அதைக் கார்டுக்கு அனுப்பறாங்க. பொய் கிடையாது, வியர்வையும் கிடையாது.
3. எந்த ஆட்டத்தோடவும் வீரரோடவும் சம்பந்தமில்லாதது. ஆமாங்க, சில கார்டுல இப்படியே எழுதியிருக்கும். முன்பக்கம் வீரர் போட்டோ, நடுவுல துணி, பின்பக்கம் "இது யாரோடதும் இல்லை". சட்டப்படி கம்பெனி உண்மையைச் சொல்லியாச்சு. படிக்காதது நம்ம பிரச்சினை.

முதல் வகைன்னு எழுதியிருந்தாலும், அது கம்பெனி தன்னைப் பத்தித் தானே தர்ற வாக்குமூலம். ஆடிட்ல இதை மேனேஜ்மென்ட் ரெப்ரசன்டேஷன்னு சொல்வோம். வாங்கி ஃபைல்ல வைப்போம், ஆனா அதை மட்டும் நம்பி கையெழுத்துப் போட மாட்டோம். வெளியாள் தர்ற ஆதாரத்துக்குத்தான் எடை அதிகம்.

ஏன்னா, கம்பெனியே ஏமாறலாம். அமெரிக்காவுல 2011, 2012-ல ஃபெடரல் அரசு சிலர் மேல வழக்குப் போட்டது. சாதாரண ஜெர்சிகளை ஆட்டத்துல போட்டதுன்னு சொல்லி டிரேடிங் கார்டு கம்பெனிகளுக்கே வித்தாங்கங்கறது குற்றச்சாட்டு. சிலர் குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. அப்படி உள்ள போன துணி, கம்பெனி உத்தரவாதத்தோட நிஜமான கார்டுல வெளிய வந்திருக்கும்.

இன்னொரு தில்லுமுல்லு கார்டு வெளிய வந்த பிறகு நடக்கும். ஒரே கலர் வெள்ளைத் துண்டு இருக்கிற மலிவான ஒரிஜினல் கார்டை வாங்கி, துண்டை உருவிட்டு, மூணு கலர் எம்பிராய்டரி துண்டைச் சொருகிடுவாங்க. கலர் கூடினா விலை கூடும். கார்டு நிஜம், நம்பர் நிஜம், துணி மட்டும் வேற.

அப்போ நம்பக்கூடிய கார்டே இல்லையா?

இருக்கு. பேஸ்பால் லீக் 2001-ல இருந்து ஒரு ஏற்பாடு வச்சிருக்கு. கார்டு கம்பெனியிலயும் அணியிலயும் சேராத ஒரு ஆள் மைதானத்துலயே இருந்து, பொருள் பயன்படுறதைக் கண்ணால பார்த்து, நம்பர் போட்ட ஹோலோகிராம் ஒட்டுவார். அந்த நம்பரை லீக் தளத்துல சரிபார்க்கலாம். 2023-ல இருந்து, முதல் மேட்ச் ஆடற வீரரோட சட்டைக் கையில ஒரு தனி பேட்ச் தைக்கிறாங்க. மேட்ச் முடிஞ்சதும் சான்று போட்டு, அதை ஒரே ஒரு கார்டுல வைக்கிறாங்க. பால் ஸ்கீன்ஸ்ங்கற பவுலரோட அப்படிப்பட்ட கார்டு ஒரு 11 வயசுப் பையன் பிரிச்ச பாக்கெட்ல கிடைச்சது. 2025 மார்ச்ல 11.1 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. வெட்டறதுக்கு முன்னாடியே சாட்சி நிக்கிற இடத்துல, சின்னத் துண்டுக்கும் பெரிய விலை நிக்குது.

இப்ப நம்ம பர்ஸ் கணக்கு

- வாங்கற செலவு: வெளிநாட்டுத் தளத்துல வாங்கினா கார்டு விலையோட முடியாது. ஃபாரெக்ஸ் மார்க்கப், அதுக்கு ஜிஎஸ்டி, ஷிப்பிங், சுங்க வரி எல்லாம் சேரும். லாபம் இதையெல்லாம் தாண்டினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும்.
- விக்கிற இடம்: தங்கத்தை அவிநாசியிலயே 10 நிமிஷத்துல காசாக்கலாம். இந்தக் கார்டுக்கு ஆள் தேடணும். "மார்க்கெட் விலை"ங்கறது யாரோ கேட்கிற விலை. வித்து முடிஞ்ச விலையை மட்டும் பாருங்க.
- வரி: லாபத்துக்காக வாங்கி வச்ச கார்டை "சொந்த உபயோகப் பொருள்"னு வாதாடறது கஷ்டம். 24 மாசத்துக்கு மேல வச்சு வித்தா லாபத்துக்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும். அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப். அடிக்கடி வாங்கி வித்தா வியாபார வருமானம்.
- நஷ்டம்: மூலதன நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது. போலி கார்டுல 22,000 போனா, அந்தப் பணம் போனது போனதுதான்.

மெயில் அனுப்பின தம்பிக்கு என் பதில்: வேண்டாம். 22,000-ங்கறது உங்க ஒரு மாசச் சம்பளத்துல 85 சதவீதம். பின்பக்க போட்டோவைக் கேட்டீங்களா? முதல் வேலை அது. அவர் அனுப்ப மறுத்தா பேச்சு அங்கேயே முடிஞ்சது. அனுப்பினாலும் இஎம்ஐ வேண்டாம்.

வாங்கியே தீருவேங்கறவங்களுக்கு செக்கிங் லிஸ்ட்

1. பின்பக்க வாசகம் முழுசா தெரியற போட்டோ. மூணு வகையில எதுன்னு முடிவு பண்ணுங்க.
2. அதே சீரிஸ்ல வந்த மத்த நம்பர் கார்டு போட்டோக்களைத் தேடி, துணி, கலர், ஜன்னல் ஓரம் ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஓரம் பிசிறடிச்சாலும், பசை தெரிஞ்சாலும் விலகிடுங்க.
3. சான்று நம்பர் இருந்தா தளத்தோட முகவரியை நீங்களே டைப் பண்ணிப் பாருங்க. அவர் அனுப்பின லிங்க்கையும் கியூஆர் கோடையும் நம்பாதீங்க.
4. பிளாஸ்டிக் பெட்டியில போட்டு கிரேடிங் செஞ்சிருந்தா, அது கார்டோட நிலைமைக்கு மார்க். கிரேடிங் பண்ணினவர் டிரெஸ்ஸிங் ரூம்ல உட்கார்ந்திருக்கலை.
5. பில், சாட், பணம் கட்டின ரசீது எல்லாத்தையும் சேமிச்சு வைங்க. நாளைக்கு நீங்க விக்கும்போது அந்தச் சங்கிலியில நீங்களும் ஒரு கண்ணி.
6. பணம் வாங்கிட்டு ஆள் காணாம போனா, உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பிடிச்ச வீரரோட கார்டை, சினிமா டிக்கெட் வாங்கற மாதிரி, திரும்பி வராதுன்னு தெரிஞ்ச காசுல வாங்கி மேஜையில வைங்க. சந்தோஷமா இருங்க. ஆனா எஸ்ஐபியை நிறுத்திட்டு அந்தக் காசுல வாங்காதீங்க. உங்க போர்ட்ஃபோலியோ ஷீட்லயும் அதுக்கு ஒரு வரி போடாதீங்க.

சொந்த உபயோகப் பொருளுக்கும் மூலதனச் சொத்துக்கும் நடுவுல கோடு எங்க இருக்குன்னு அடுத்த வீடியோவுல வாட்ச், ஸ்னீக்கர், பழைய நாணயம் உதாரணத்தோட சொல்றேன். அங்க பார்ப்போம்.