எண்ணும் எடையும்

விஞ்ஞானியின் பெருமையை அளக்கும் கோல் யாது? எழுதிய கட்டுரைகளின் தொகையா, பிறர் அவற்றை எடுத்தாண்ட தொகையா? இரண்டையும் இணைத்து 2005-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் ஹிர்ஷ் ஓர் அளவை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் மேற்கோளாயின் அவர் எண் பத்து. ஒரே கட்டுரை ஆயிரம் முறை எடுத்தாளப்படினும் அது கூட்டுவது ஒன்றே.

இக்கோலுக்கு அடங்காத உழைப்பிற்கு ஜவ்வாது மலையே சான்று. அங்குக் காவலூரில் வானாய்வுக்கூடம் நிறுவிய வைணு பாப்பு, ஓலின் வில்ஸனுடன் 1957-இல் எழுதிய கட்டுரை, கால்சிய ஒளிர்கோட்டின் அகலத்தால் விண்மீனின் உண்மை ஒளிர்வை அறியும் வழியைக் காட்டிற்று. அது இன்றும் வில்ஸன்-பாப்பு விளைவு எனப்படும். 1982-இல் அவர் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அவர் பெயரைத் தாங்கிப் பிறர் ஆராய்ச்சிக்குக் கண்ணாயிற்று. அதனை அமைக்க உழைத்த உழைப்போ ஹிர்ஷின் எண்ணில் ஏறுவதன்று. ஆதலின் எண்ணை மதிப்போம். அதனையே எடையென்று கொள்ளோம்.