ரத்தம் ஏற்றினால் மட்டும் போதுமா?

பெங்களூரு நிம்ஹான்ஸ் அருகிலுள்ள இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையில் பரம்பரை ரத்தசோகை நோயான தலசீமியாவுக்கென்றே பகல்நேரச் சிகிச்சை மையம் உண்டு. கடும் தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் பிள்ளையின் முகம் தெளியும்; பெற்றோருக்கும் நிம்மதி. ஆனால், ரத்தத்தோடு உள்ளே போன இரும்பு?

ஒரு யூனிட் ரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு நாளொன்றுக்கு இழப்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிஞ்சியதைக் கழிக்க உடம்புக்கு வழி தெரியாது.

ரத்தத்தில் இரும்பைச் சுமப்பது டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம். செல்லின் மேலுள்ள ஏற்பி அதைப் பிடித்து உள்ளே இழுக்கும். செல் இரும்பை எடுத்துக்கொண்டு வெறும் புரதத்தைத் திருப்பி அனுப்பும். போதுமான இரும்பு சேர்ந்துவிட்டால் செல் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபெரின் நிரம்பிய பிறகுதான் சிக்கல். சுமக்க ஆளின்றித் திரியும் இரும்பு இதயம், கல்லீரல், கணையம், பிட்யூட்டரி சுரப்பி ஆகியவற்றில் வேறு வழிகளில் நுழைகிறது. அங்கே அதைத் தடுக்கும் காவல் வலுவாக இல்லை. இதயம் தளரும், சர்க்கரை நோய் வரும், வளர்ச்சி தடைப்படும், பருவமடைவது தள்ளிப்போகும்.

கவனிக்க வேண்டியவை

பத்து இருபது முறை ரத்தம் ஏற்றிய பிறகோ, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு மில்லிலிட்டருக்கு 1,000 நானோகிராமைத் தாண்டினாலோ, இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தொடங்குவது வழக்கம். 'பிள்ளை நல்லாத்தானே இருக்கு' என்று அதை நிறுத்திவிடாதீர்கள். இவ்வகை மருந்தான டெஃபெராசிராக்ஸ் சாப்பிடுவோருக்குச் சிறுநீரக, கல்லீரல் பரிசோதனைகள் தவறக் கூடாது. இன்னொரு மருந்தான டெஃபெரிப்ரோன் சாப்பிடும்போது காய்ச்சல் வந்தால், மருந்தை நிறுத்தி உடனே வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் இரும்பு டானிக் கொடுக்கவே வேண்டாம்.

உங்கள் உரிமைகள்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 குறைபாடுகளில் தலசீமியாவும் ஒன்று. முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள (யு.டி.ஐ.டி.) அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கோரும் உரிமையும் உண்டு. அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் மட்டும் தலசீமியா சேர்க்கப்படவில்லை. உரிமை மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குக் கோல் இந்தியா நிதியில் நடக்கும் தலசீமியா பால் சேவா திட்டம் 10 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது.

அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போகும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: ஃபெரிட்டின் இப்போது எவ்வளவு? பிள்ளையின் இன்றைய எடைக்குப் பழைய மாத்திரை அளவு போதுமா? பிள்ளை வளர்ந்திருக்கும், சீட்டில் எழுதிய அளவு தானாக வளராது.