உங்களுக்குத் தெரியுமா? வராத அடியும் மூளைக்குக் கேட்கும்!

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைக்கு மேலே 2003 முதல் மோனோரயில் ஓடுகிறது. கீழே தினமும் கடை போடுகிறவருக்கு அந்த இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. புதிதாக வந்தவர்தான் அண்ணாந்து பார்ப்பார். காதில் குறையில்லை, மூளைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால், மூளையின் செவிப்புறணியில் உள்ள நரம்பணுக்கள் அந்த ஒலிக்கு மட்டும் துடிப்பைக் குறைத்துக்கொள்கின்றன. நடுவில் வேறு சுருதி விழுந்தால் அதே அணுக்கள் பலமாகத் துடிக்கின்றன. பூனைகளிடம் இது பதிவானதும் 2003-இல்தான்!

மனிதரிடம் பின்லாந்தின் ரிஸ்டோ நாத்தானென் குழு 1978-லேயே இதைப் போன்ற ஒன்றைக் காட்டியது. ஒலி மாறிய கால் நொடிக்குள் மூளை மின்பதிவில் ஒரு தனி அலை எழுகிறது. கேட்பவர் புத்தகத்தில் மூழ்கியிருந்தாலும் எழும். கோமாவில் இருக்கும் சிலரிடமும் எழுவதுண்டு. அவர்கள் விழிக்கக்கூடும் என்பதற்கு அது நல்ல அறிகுறி.

அடுத்த முறை பிரிக்ஃபீல்ட்ஸின் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைக்கூடத்துப் பக்கம் மிருதங்கம் கேட்டால் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் எண்ணிப் பாருங்கள். சமத்தில், அதாவது முதல் எண்ணிக்கையில், விழ வேண்டிய அடி விழாமல் போனால் அதுவும் ஒரு மாற்றம்தான்; அந்த வெறும் நிசப்தத்துக்கும் உங்கள் மூளை பதில் கொடுக்கும்.