வலி எவ்வளவு? நோயாளியே சொல்லட்டும்

நடக்க முடிகிறதா? தானாகக் குளித்து உடுத்த முடிகிறதா? அன்றாட வேலைகள் ஓடுகின்றனவா? வலி உண்டா? பதற்றமோ மனச்சோர்வோ இருக்கிறதா? ‘ஈக்யூ-5டி’ என்ற படிவம் கேட்பது இந்த ஐந்தைத்தான். கூடவே, இன்றைய உடல்நிலைக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் நோயை அளந்துவிடும். நோயோடு நாளைக் கழிப்பது எப்படி இருக்கிறது என்பதை நோயாளியிடம்தான் கேட்டாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1990களில் இதற்கென ஒரு படிவத்தை உருவாக்கியபோது பங்கேற்ற மையங்களில் சென்னையும் ஒன்று. அதனால் அந்தக் கேள்விகள் தொடக்கத்திலேயே தமிழிலும் வந்தன.

இணையத்துக்கு வந்தபின் இத்தகைய படிவங்களின் வீச்சு பெருகியது. கொரோனா வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் தேறாதவர்கள் சிலர், தாங்களே ஆய்வாளர்களாகி 2020இல் ஓர் இணையக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். 56 நாடுகளிலிருந்து 3,762 பேரின் பதில்கள். அவற்றில் 203 விதமான அறிகுறிகள். மருத்துவமனைகள் குறித்துவைக்காத பலவும் அதில் இருந்தன. ஆனால் பதில் சொன்னவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் பெண்கள். தேறிவிட்டவர் படிவத்தைத் தேடி வருவதில்லை. திரையைப் பார்க்கவே முடியாத அளவுக்குத் தளர்ந்தவரும் வருவதில்லை. ஆகவே இந்த நோய் எப்படியெல்லாம் படுத்தும் என்று அந்தக் கணக்கெடுப்பு சொல்லும். நூறில் எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டால் அதனிடம் விடை கிடையாது.

இந்தச் சிக்கலைத் தவிர்க்க ஒரு வழி, யாரிடம் கேட்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈதன் பாஷ் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். உடலெங்கும் பரவிய புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுத்துவந்த 766 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் பசியின்மை, மூச்சிரைப்பு, குமட்டல் முதலான 12 தொல்லைகளைக் கணினியில் பதிந்துவந்தார்கள். தொல்லை முற்றினால் செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாதத்தில், பதிந்தவர்களில் 34 சதவீதம் பேரின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. மற்றவர்களில் 18 சதவீதம். 2017இல் வெளியான தொடர் முடிவில் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், எதிர்ப்பக்கம் 26. மின்னஞ்சலைத் திறந்து, மருந்தை மாற்றச் சொல்லி, நோயாளியை அழைத்துப் பேசிய செவிலியரை எடுத்துவிட்டால் இந்த எண்கள் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

கணினியே பழகாதவர்களால் என்ன செய்ய முடியும் என்றுதான் யாரும் நினைப்போம். கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் அவர்கள்தான். வீட்டிலிருந்து பதியத் தெரியாத அவர்கள், மருத்துவமனைக்கு வந்தபோது அங்கிருந்த திரையிலேயே பதிந்தார்கள்.

பிறகு அமெரிக்காவின் 52 சிகிச்சை மையங்களில் 1,191 நோயாளிகளை வைத்து இதையே பெரிய அளவில் செய்துபார்த்தார்கள். இணையம் வேண்டாம் என்பவருக்குத் தானியங்கித் தொலைபேசி. இம்முறை ஆயுளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மாதங்களை மட்டும் எண்ணுகிறவர்கள் இதைத் தோல்வி என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வாரந்தோறும் பதில் சொன்னவர்களின் உடல் இயக்கமும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டிருந்தன. முதல்முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டிய நாளும் தள்ளிப்போயிருந்தது.