முற்றத்துப் பறவைகளும் நம் பிள்ளைகளும்

ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பும்போது மன்னார்க் கரைக்கு வடக்கிலிருந்து விருந்தினர் வந்து சேர்கின்றனர். பாலத்தடிச் சேற்றிலும் வங்காலைக் களப்பிலும் ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் பூநாரைகளும் கூடுகின்றன. அவற்றைப் பார்ப்பதற்கென்றே கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் வந்து தங்குகின்றனர். தினமும் அப்பாலத்தைக் கடந்து பாடசாலை செல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பேருந்தின் யன்னலால் அவற்றை உற்றுப் பார்க்கின்றனர்?

அறியாத அயலவர்

தீவின் கரையோரக் கிராமமொன்றில் மறைக்கல்வி வகுப்புக்கு வந்த பிள்ளைகளிடம், தங்கள் வளவில் காணும் பறவைகளின் பெயர்களை எழுதித் தருமாறு கேட்டோம். பெரும்பாலான தாள்களில் காகம், கிளி, புறா, கொக்கு என்பவற்றோடு பட்டியல் முடிந்துவிட்டது. ஒரு சிறுமி மட்டும் பதினொரு பெயர்களை எழுதியிருந்தாள். புலுனி, செண்பகம், கரிக்குருவி, தேன்சிட்டு, ஆறுமணிக்குருவி எல்லாம் அதில் இருந்தன. "ஆர் பிள்ளை சொல்லித் தந்தது?" என்று கேட்டோம். "அம்மம்மா, ஃபாதர்" என்றாள்.

மற்றப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. சொல்லித் தரும் வரிசை இடையில் அறுந்துபோயிற்று. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க, இந்துக் குடும்பங்கள் பலவும் மடுவிலும் இந்தியக் கரையிலும் அகதிகளாயின. 2009 வரை நீண்ட போரில் பல பிள்ளைகள் முகாம்களில் வளர்ந்தனர். முற்றமே இல்லாதவனுக்கு முற்றத்துக் குருவியை யார் காட்டுவது? அன்று பிள்ளைகளாயிருந்தவர்களே இன்றைய பெற்றோர். பெயர்கள் இன்னும் பாட்டன் பாட்டிமாரிடம் உள்ளன. அவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் வளவின் சிறப்பு

பார்ப்பதற்கு நம் வளவில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். மாட்டின் முதுகில் குந்தியிருக்கும் இரட்டைவால் கரிக்குருவியை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் இலங்கையில் அது வடக்கு, வடமேற்குக் கரைப் பகுதிகளில்தான் பெரும்பாலும் காணப்படுகிறது. பின்கழுத்தில் கறுப்புக் கோடுள்ள கள்ளிப்புறாவும், பற்றைகளிடையே ஓடும் கௌதாரியும் அப்படியே. தென்பகுதிப் பறவை ஆர்வலர் இவற்றைக் காண மன்னாருக்கு வருகின்றனர். நம் பிள்ளைகளுக்கோ கதவைத் திறந்தால் போதும்.

ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரக் காடுகளிலிருந்து மாரிகாலத்தில் வருவது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் அதற்கு அப்பெயர். மரநிழலில் சருகைக் கிளறிப் புழு தேடும். இவ்வளவு தூரம் பறந்து வந்த ஒரு சின்னக் குருவி நம் கிணற்றடியில் நிற்பதைப் பார்த்த பிள்ளைக்குப் புவியியல் பாடம் வெறும் பாடமாக இராது. பனையோலையின் அடியில் கூடு ஒட்டும் உழவாரக்குருவியையும், ஓலை நுனியில் கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவியையும் பார்த்த பிள்ளை, பனையைத் தறிக்கும்போது வீழ்வது மரம் மட்டுமல்ல என்பதை யாரும் சொல்லாமலே விளங்கிக்கொள்ளும்.

பிறர் செய்திருப்பவை

பிரித்தானியாவில் 1979இல் பறவைப் பாதுகாப்புச் சங்கமொன்று தன் சிறுவர் உறுப்பினருக்கு ஒரு வேலை கொடுத்தது: வீட்டுத் தோட்டத்துப் பறவைகளை எண்ணி எழுதுங்கள் என்பதே அது. இன்று பல இலட்சம் பேர் ஆண்டுதோறும் அதில் பங்குபற்றுகின்றனர். அமெரிக்காவில் 1998இல் இதுபோன்ற கொல்லைப்புறக் கணக்கெடுப்பு தொடங்கியது. 15 நிமிடம் ஒதுக்கினாலே அதில் பங்குகொள்ளலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணி வருகின்றனர். நமக்கும் தைப்பொங்கல் விடுமுறை உண்டு. வலசைப் பறவைகள் நம் கரையில் தங்கியிருக்கும் காலமும் அதுவே.

கெற்றபோலும் கையுமாய்த் திரியும் பையன்களை என்ன செய்வது? இந்தியாவின் பெரும் பறவையியலாளர் சாலிம் அலி (1896–1987) சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குச் சென்றார். அங்கிருந்த செயலாளர் மில்லார்ட் அவரை ஏசவில்லை. சங்கத்தின் பறவைச் சேகரிப்பையே திறந்து காட்டினார். அந்தச் சிறுவனின் வாழ்வு அங்கே திரும்பியது. குறிபார்க்கத் தெரிந்தவனுக்குக் கண் கூர்மையானது. அக்கண்ணுக்கு வேறு வேலை கொடுப்பதே பெரியவர் பொறுப்பு.

எப்படித் தொடங்கலாம்?

தொலைநோக்கி தேவையில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

1. வாரத்தில் ஒரு நாள், விடிந்தவுடன் 15 நிமிடம் ஒரே இடத்தில் பேசாமல் அமர்ந்திருக்கட்டும்.

2. திகதி, நேரம், இடம், அன்று வீசும் காற்று வாடையா, கச்சானா, சோளகமா என்பதையும் எழுதட்டும்.

3. ஒவ்வொரு பறவையிலும் ஒரே தடவையில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையைக் குறிக்கட்டும். அப்போதுதான் ஒரே காகம் மூன்று காகம் ஆகாது.

4. பெயர் தெரியாவிட்டால் நிறம், சொண்டு, வால், குரல், செய்த வேலை ஆகியவற்றை எழுதி, வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்கட்டும். முஸ்லிம் அயலவரும் மீனவப் பெரியவர்களும் சொல்லும் பெயர்கள் வேறுபடலாம். எல்லாவற்றையும் எழுதுவதே நல்லது.

5. கோடையில் நிழலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கட்டும். நுளம்பு பெருகாதபடி தினமும் மாற்ற வேண்டும்.

6. கூட்டைத் தொடவோ குஞ்சை எடுக்கவோ கூடாது. நிலத்தில் நிற்கும் இறகு முளைத்த குஞ்சைத் தாய்ப்பறவை பெரும்பாலும் அருகிலிருந்தே பார்த்துக்கொள்ளும்.

மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் கூடித் தங்கள் கொப்பிகளை வாசிக்கலாம். பாடசாலை, ஆலயம், பள்ளிவாசல், வாசிகசாலை எங்கும் இதற்கு இடமுண்டு. பரிசு வைப்பதானால் கூடுதலான பெயர் எழுதியவருக்கல்ல, தவறாமல் எழுதியவருக்கே கொடுப்போம்.

கொப்பியின் பெறுமதி

வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாயிற்று. அதன் பரப்பு 4,839 ஹெக்டேயர். 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குச் சிறு கருவி பொருத்தி அனுப்பினர். ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை அவற்றின் பயணம் தெரிய வந்தது.

2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட 'தம்பபவனி' மின் நிலையம் திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் அமைக்கும் திட்டங்களுக்கு எதிராக 2024இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. பறவைகளின் வழித்தடம் அவ்வழக்குகளில் எழுந்த கேள்விகளுள் ஒன்று. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். கரைக்குப் பறவையும் மீனும் வேண்டும். இவற்றை நிறுத்துப் பார்க்கும் இடங்களில் பேசப்படுபவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து சில வாரங்கள் தங்கியோர் எழுதிய அறிக்கைகள். ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்பவர் தம் கையால் எழுதிய கணக்கு எங்கே?

பத்து வயதில் எழுதத் தொடங்கும் பிள்ளை இருபது வயதில் பத்து ஆண்டுகளின் பதிவைக் கையில் வைத்திருக்கும். எந்த மாதத்தில் எது வந்தது, எது குறைந்தது, எது வராமலே போயிற்று என்பதை அப்பிள்ளையால் திகதியோடு சொல்ல முடியும். அப்படிச் சொல்பவரை எந்தக் கூட்டத்திலும் இலேசாகத் தட்டிக்கழிக்க இயலாது.

ஆகவே பெற்றோரே, ஆசிரியரே, அடுத்த வாடைக்காற்றுக்கு முன் உங்கள் பிள்ளைக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் அம்மம்மாவும் அப்பப்பாவும் அறிந்த பெயர்களை எழுதுவியுங்கள்.